கடல் சூடாகிறது, பனி ஏன் கொட்டுகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஆர்க்டிக் பகுதி 1979இலிருந்து உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலானவை பனி கொட்டுகிற ஊர்களில் குடியேறிய நம் ஆட்களிடமிருந்து. பாதி சந்தேகம், பாதி கிண்டல். இந்த முறை வேறு விஷயமே வேண்டாம், இதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

டொரண்டோ, ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி: உலகம் சூடாகிறது என்கிறீர்கள். இங்கே வாசல் பனியை அள்ளியே இடுப்பு போய்விட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் என் அண்ணன் வீட்டில் கதவையே திறக்க முடியாத அளவுக்குக் கொட்டுகிறது. சூடானால் பனி குறையத்தானே வேண்டும்?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம், பனிப்பொழிவை வைத்துக் குளிரை அளக்கிற நம் பழக்கம். குளிர் மட்டும் போதும் என்றால் உலகத்திலேயே அதிகமாகப் பனி விழுகிற இடம் அண்டார்க்டிகாவின் நடுப்பகுதியாக இருக்க வேண்டும். அங்கே வஸ்தோக் என்ற சோவியத் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. தரையில் வைத்து அளந்ததில் இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் வருடம் முழுக்க அங்கே விழுகிற பனியை உருக்கினால் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேறினாலே அதிகம், நம் ஜெய்சல்மேரில் அதைப்போல் பல மடங்கு மழை பெய்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி தங்காது, விஷயம் அவ்வளவுதான். 0 டிகிரிக் காற்று வைத்துக்கொள்ளக்கூடிய ஈரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மைனஸ் 20 டிகிரிக் காற்று வைத்துக்கொள்ளும். பனி கொட்ட வேண்டுமென்றால் குளிரும் வேண்டும், எங்கிருந்தாவது ஈரமும் வந்து சேர வேண்டும்.

உங்கள் அண்ணன் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரி ஏரி மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்காக 390 கி.மீ. நீளத்துக்குப் படுத்துக்கிடக்கிறது, அதன் கிழக்கு முனையில் பஃபலோ. நவம்பரில் வறண்ட குளிர்காற்று வந்து இறங்கி ஏரியின் நீளவாக்கில் ஓடும்போது, கோடையில் வாங்கிய சூடு இன்னும் ஆறாத தண்ணீர் அடியிலிருந்து அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, மேலே கிளப்பிவிடுகிறது. ஏரித் தண்ணீருக்கும் ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கிற காற்றுக்கும் 13 டிகிரி வித்தியாசம் இருந்தால் தயாராகிவிடலாம் என்பது அங்கே வானிலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 2014 நவம்பரில் பஃபலோவின் தெற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய புறநகர்களிலும் 5 அடி முதல் 7 அடி வரை கொட்டியது, அதே நேரத்தில் நகரத்தின் வடக்கே சில அங்குலம்தான். 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம். அங்கே நடக்க வேண்டிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டியையே டெட்ராய்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஏரி எப்போது உறைகிறது என்பதை. ஈரி ஆழமில்லாத ஏரி, சராசரியாக 19 மீட்டர்தான், அதனால் வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் லேசில் உறைந்து மூடிக்கொள்வதும் அதுதான். உறைந்துவிட்டால் ஈரம் வருகிற வழி அடைபட்டுப்போகும், பஃபலோவுக்கு ஓரளவு நிம்மதி. குளிர்காலம் சூடாகச் சூடாக ஏரி தாமதமாக உறைகிறது, சில வருடம் உருப்படியாக உறைவதே இல்லை. அப்படித் திறந்து கிடக்கிற நாளில் ஒரு குளிர் அலை வந்து இறங்கினால் பிய்த்துக்கொண்டு கொட்டும். இதுவும் எத்தனை காலத்துக்கு என்று கேட்டால், காற்று இன்னும் கொஞ்சம் சூடானால் அதே ஈரம் மழையாக விழ ஆரம்பித்துவிடும். உங்களுக்கு ஸ்கார்பரோவில் இவ்வளவு விழாததற்குக் காரணம், மேற்கிலிருந்து வருகிற காற்று ஒன்டாரியோ ஏரியைத் தாண்டுவதற்கு முன்பே உங்களைத் தாண்டிவிடுகிறது. இடுப்புக்கு டாக்டரைப் பாருங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: மகன் ஜப்பானில் நீகாட்டாவில் வேலை பார்க்கிறான். போனில் பார்த்தால் அங்கே 2 டிகிரி, 3 டிகிரி என்றுதான் காட்டுகிறது. வீடியோ காலில் பார்த்தால் நிறுத்திவைத்த கார் தெரியவில்லை, அவ்வளவு பனி. இது எப்படி?

நீகாட்டா சுமார் 38 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ரோமைவிடத் தெற்கே. அந்த அட்சரேகைக்கு இவ்வளவு பனி நியாயமே இல்லை. சைபீரியாவிலிருந்து வருகிற காற்று ஏற்கனவே எலும்பை உடைக்கிற குளிர், ஆனால் காய்ந்து கிடக்கிற காற்று. அது ஜப்பான் கடலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அந்தக் கடலுக்குள் தெற்கிலிருந்து சுஷிமா நீரோட்டம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. சில நூறு கி.மீ. தூரம் அதன் மேல் வரும்போதே காற்று ஈரத்தை முழுக்க உறிஞ்சிக்கொண்டு, ஹோன்ஷூ தீவின் நடுவில் நிற்கிற மலைத்தொடரில் முட்டி, மேலே ஏறி, அத்தனையையும் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் அதே நாளில் பளிச்சென்று வெயில்.

உலகத்தில் அளந்து பதிவு செய்ததிலேயே ஆழமான பனி எங்கே தெரியுமா? இமயமலையில் இல்லை. ஜப்பானில் 1,377 மீட்டர் உயரமே உள்ள இபுகி மலையில், 1927 பிப்ரவரி 14 அன்று 11.82 மீட்டர். நீகாட்டா மாநிலத்திலேயே தகாடா என்ற ஊருக்குள், மலையில் இல்லை, ஊருக்குள், 1945இல் 3.77 மீட்டர் பனி கிடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் நீகாட்டா பக்கம் நெடுஞ்சாலையில் 2,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் பனியில் மாட்டி நாள்கணக்கில் நின்றன. நடுவில் அந்தக் கடல் மட்டும் இல்லாவிட்டால் நீகாட்டாவின் குளிர்காலம் பெய்ஜிங் மாதிரி வறண்டதாக இருந்திருக்கும். மகனிடம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காரில் ஒரு மண்வெட்டியும் கம்பளியும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆர்க்டிக் கடலின் பனிப்பரப்பு உருகிப்போனால் அந்தக் கடல் திறந்து, ஈரம் கிளம்பி, வடக்கு நாடுகளில் பனி கொட்டிக் குவிந்து, பூமி மறுபடி குளிர்ந்து பனியுகம் வந்துவிடுமாம். பூமி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், நாம் எதுவும் செய்யத் தேவையில்லை என்று முடிகிறது. இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா ஐயா?

வாட்ஸ்அப்பில் வருகிற மற்றதைப் போல இதை ஒதுக்கிவிட முடியாது ஐயா, இதற்குப் பூர்வீகம் இருக்கிறது. 1956இல் மாரிஸ் யூயிங், வில்லியம் டான் என்ற இருவர் சயன்ஸ் இதழில் கிட்டத்தட்ட இதையேதான் எழுதினார்கள். யூயிங் சாதாரண ஆள் இல்லை, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தை ஆரம்பத்திலிருந்து நடத்தியவர், கடலடித் தரையை ஆராய்வதில் அந்தக் காலத்தின் பெரிய தலை. அவர்கள் சொன்ன கதை நிஜமாகவே அழகானது. ஆர்க்டிக் கடல் திறந்திருந்தால் ஈரம் கிளம்பிக் கனடாவிலும் சைபீரியாவிலும் பனியாகக் குவியும், அது வருடக்கணக்கில் இறுகிப் பனிப்பாளமாகும், அத்தனை தண்ணீரும் நிலத்தில் போய் மாட்டிக்கொள்வதால் கடல் மட்டம் இறங்கும், இறங்கினால் அட்லாண்டிக்கின் சூடான தண்ணீர் ஆர்க்டிக்குக்குள் புகுகிற வழி குறுகும், ஆர்க்டிக் உறைந்துபோகும், ஈரம் நிற்கும், பனிப்பாளங்கள் பட்டினி கிடந்து உருகும், கடல் மட்டம் ஏறும், மறுபடி முதலிலிருந்து. வெளியிலிருந்து எந்தக் காரணமும் தேவைப்படாமல் தானே சுற்றுகிற சக்கரம். பிற்பாடு பெண்ணுரிமை இயக்கத்தில் பெயர்பெற்ற பெட்டி ஃப்ரீடன் 1958இல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் இதைப் பற்றி நீளமான கட்டுரை எழுதி, பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கதை அழகு, ஆனால் நிற்கவில்லை. ஆர்க்டிக் கடலடியிலிருந்து எடுத்த வண்டல் மாதிரிகளைப் பார்த்தால், இந்தக் கதைப்படி கடல் திறந்திருக்க வேண்டிய காலத்தில் அது பனி மூடித்தான் கிடந்திருக்கிறது. அப்புறம் 1976இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் தெற்கு இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த வண்டலில், பனியுகங்கள் பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் மாறுகிற தாளத்தில் வந்துபோனதைக் காட்டினார்கள்: சுமார் 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகள். இந்த ஹேஸ் யூயிங்கின் அதே லாமண்ட் ஆய்வகத்துக்காரர்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பனியுகத்தைத் தீர்மானிப்பது குளிர்காலத்தில் எவ்வளவு கொட்டியது என்பதைவிட, கோடையில் எவ்வளவு உருகாமல் மிஞ்சியது என்பதுதான். வடக்கே 65 டிகிரி அட்சரேகையில் கோடை வெயில் பலவீனமாக இருந்தால் போன வருடப் பனியின் மேல் இந்த வருடப் பனி விழும், அப்படித்தான் பனிப்பாளம் வளரும். ஜனவரியில் பத்து அடி கொட்டி ஜூனில் எல்லாம் ஓடிப்போனால் என்ன பிரயோஜனம்? இப்போது நடப்பது அதுதான். வட அரைக்கோளத்தில் ஜூன் மாதத்தில் மிஞ்சுகிற பனிப்பரப்பு செயற்கைக்கோள் கணக்கு ஆரம்பித்ததிலிருந்து பலமாகக் குறைந்துகொண்டே வருகிறது.

வெயிலைத் திருப்பி அனுப்புகிற கணக்கும் அப்படித்தான். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும் என்பது சரி, ஆனால் வடகோடியில் டிசம்பரில் வெயிலே இல்லை, எதைத் திருப்பி அனுப்புவது? வெயில் இருபத்துநாலு மணி நேரமும் அடிக்கிற ஜூன், ஜூலையில் பனி போய், கறுத்த கடல் திறந்து கிடக்கிறது. அது விழுகிற வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிடுகிறது. செப்டம்பரில் ஆர்க்டிக்கின் பனிப்பரப்பு 1980களில் 70 லட்சம் சதுர கி.மீ. அளவில் இருந்தது, 2012இல் 34 லட்சத்துக்கு இறங்கியது. 2025 மார்ச்சில், அதாவது அதிகபட்சம் இருக்க வேண்டிய மாதத்திலேயே, 143 லட்சம் சதுர கி.மீ.தான், செயற்கைக்கோள் காலத்தில் அதுவரை இல்லாத குறைவு. இதோடு, கடந்த பல லட்சம் ஆண்டுப் பனியுகச் சுழற்சி முழுவதிலும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 180க்கும் 300க்கும் இடையில்தான் ஏறி இறங்கியது, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில். இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்த நிலையில் பனியுகம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருப்பதற்கு, லாட்டரிச் சீட்டை நம்பிக் கடன் வாங்கலாம்.

ஆனால் அந்தச் செய்தியின் முதல் பாதி சரிதான். கடல் திறந்தால் ஈரம் கிளம்பும், பக்கத்து நிலத்தில் பனி கூடும். அடுத்த கேள்வியே அதற்கு உதாரணம்.

லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர்: 2018இல் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று இங்கே பேப்பர்கள் பெயர் வைத்த குளிரில் ரயில், பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் படுத்துவிட்டன. போலார் வோர்டெக்ஸ் உடைந்தது என்றார்கள். அது என்ன, எப்படி உடையும்?

வட துருவத்துக்கு மேலே, விமானங்கள் பறக்கிற உயரத்துக்கும் ரொம்ப மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியரில், குளிர்காலம் முழுக்க ஒரு குளிர்ந்த காற்றுச் சுழல் மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தத் துருவச் சுழல்தான் போலார் வோர்டெக்ஸ். பம்பரம் வேகமாகச் சுற்றும்போது நிமிர்ந்து நிற்பது மாதிரி, சுழல் பலமாக இருந்தால் குளிர் துருவத்தோடு அடங்கியிருக்கும், பலவீனமானால் தலை ஆடி ஒரு பக்கமாகச் சாயும். மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசமும் கீழிருந்து பெரிய அலைகளைக் கிளப்பிவிடும். அவை மேலே போய் மோதும்போது அந்த உயரத்தில் சில நாட்களுக்குள் 50 டிகிரி வரைகூட வெப்பநிலை ஏறி, சுற்றுகிற காற்று நின்று, எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். 1952இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் முதலில் இதைக் கண்டுபிடித்தார். 2018இல் பிப்ரவரி 12 வாக்கில் இது நடந்தது, மாதக் கடைசியில் சைபீரியக் குளிர் உங்கள் வீட்டு வாசலில். ஒவ்வொரு முறையும் இப்படிக் கீழே வந்து சேரும் என்று சொல்ல முடியாது, சில முறை மேலேயே முடிந்துவிடும்.

சரி, குளிர் வந்ததற்கு அது காரணம். பனி? அதற்குத்தான் அழகான ஒரு ஆய்வு இருக்கிறது. ஃபின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தின் ஹன்னா பெய்லி குழுவினர் காற்றிலிருந்த நீராவியின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களை, அளந்து, அந்த ஈரம் எங்கே கிளம்பியது என்று துப்புத் துலக்கினார்கள். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கிற பாரன்ட்ஸ் கடல். அந்த வருடம் அதில் பனி வழக்கத்தைவிட மிகக் குறைவு, கடல் திறந்து கிடந்தது. அந்தக் குளிர் அலையின்போது பாரன்ட்ஸிலிருந்து 14,000 கோடி டன் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது, வட ஐரோப்பாவில் விழுந்த பனியில் 88 சதவீதம் வரை அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2021இல் வெளியானது. பஃபலோவில் ஏரி செய்கிற வேலையை இங்கே ஒரு கடல் செய்திருக்கிறது.

டாலஸிலிருந்து ஒரு மென்பொருள்காரர்: 2021 பிப்ரவரியில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல், பிள்ளைகளை ஜாக்கெட்டோடு படுக்கவைத்தோம். ஆர்க்டிக் உருகுவதால்தான் டெக்சாஸ் உறைந்தது என்று ஒரு விஞ்ஞானி சொல்கிறார், அதெல்லாம் இல்லை என்று இன்னொருவர் சொல்கிறார். யாரை நம்புவது?

இந்த விஷயத்தில் நிஜமாகவே சண்டை நடக்கிறது, சும்மா டிவி விவாதம் இல்லை. 2012இல் ஜெனிஃபர் ஃபிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் இருவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். வானில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிற ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டத்துக்கு உந்துசக்தி, துருவத்துக்கும் தெற்குக்கும் இடையே உள்ள சூட்டு வித்தியாசம். ஆர்க்டிக் வேகமாகச் சூடானால் அந்த வித்தியாசம் குறையும், ஓட்டம் தளர்ந்து நெளியும், நெளிவில் குளிர் தெற்கே வழிந்து வரும், வந்தது லேசில் நகராது. கேட்டவுடனே மனதில் உட்காருகிற விளக்கம், பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஜூடா கோஹென் குழு 2021இல் ஒரு படி மேலே போய், ஆர்க்டிக் மாற்றங்கள் துருவச் சுழலை ரப்பர் மாதிரி இழுத்து நீட்டுகின்றன, உங்கள் டெக்சாஸ் குளிர் அப்படி வந்ததுதான் என்று வாதிட்டது.

எதிர்ப்பக்கம் ரஸ்ஸல் பிளாக்போர்ட், ஜேம்ஸ் ஸ்க்ரீன் போன்றவர்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2010 வரை நெளிவு கூடுகிற மாதிரி தெரிந்தது உண்மை, ஆனால் அதற்கப்புறமும் ஆர்க்டிக் பனி குறைவாகவே இருக்க, நெளிவு மட்டும் ஏன் பழையபடி திரும்பிவிட்டது? இன்னொன்று. பனி குறைவதுதான் காரணம் என்றால் கடலிலிருந்து காற்றுக்குச் சூடு போக வேண்டும். பல குளிர் அலைகளில் அளந்து பார்த்தால் நேர் எதிராக, காற்றிலிருந்து கடலுக்கும் பனிக்கும் சூடு போயிருக்கிறது. அதாவது, ஒரே காற்றோட்டம் ஒரு கையால் பாரன்ட்ஸ் பக்கம் வெப்பத்தைத் தள்ளிப் பனியை உருக்கிவிட்டு, இன்னொரு கையால் சைபீரியாவுக்குக் குளிரை இறக்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடந்தது, ஒன்றால் இன்னொன்று நடக்கவில்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையும் இந்தத் தொடர்பில் தனக்கு நம்பிக்கை குறைவு என்றுதான் எழுதியிருக்கிறது.

என் கட்சி எது என்று கேட்டால், இதில் நான் சந்தேகக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். ஆர்க்டிக் கெட்டியாக உறைந்து கிடந்த காலத்திலும் டெக்சாஸ் உறைந்திருக்கிறது. 1899 பிப்ரவரியில் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் நியூ ஆர்லியன்ஸைத் தாண்டி மெக்சிகோ வளைகுடாவரை மிதந்து போயின, டாலஸின் குளிர்ச் சாதனை இன்றும் அந்த வருடத்துடையதுதான். 2021இல் உங்கள் விமான நிலையத்தில் பதிவானது மைனஸ் 19. 1899இல் மைனஸ் 22. டெக்சாஸ் அரசின் கணக்குப்படி 2021இல் 246 பேர் இறந்தார்கள், அதற்குப் பெரிய காரணம் குளிருக்குத் தயாராகாத எரிவாயுக் குழாய்களும் மின் நிலையங்களும், அதற்கு ஆர்க்டிக்கைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஈரம் பற்றிய பாதியில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸில் 8 அங்குலம் பனி விழுந்தது, ஃபுளோரிடாவின் வடமேற்கு மூலையில் அதைவிடக் கூடுதல். குளிர் வடக்கிலிருந்து வந்தது, தண்ணீரை வளைகுடா கொடுத்தது.

கோவை கல்லூரி மாணவர்: அமெரிக்க செனட்டில் ஒருவர் பனிப்பந்தை எடுத்துவந்து காட்டி, உலகம் சூடாகவில்லை என்று நிரூபித்தாராமே?

ஜேம்ஸ் இன்ஹாஃப், ஓக்லஹோமா செனட்டர், 2015 பிப்ரவரி 26. பையிலிருந்து எடுத்து வீசியும் காட்டினார். வெளியே பிப்ரவரியில் குளிர்கிறது என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் நிரூபணமாகவில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் பாஸ்டனில் மொத்தம் 110.6 அங்குலம் விழுந்து பழைய சாதனையை முறியடித்தது. நியூ இங்கிலாந்துக் கரையோரத்தில் அப்போது கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. குளிர் அலைகள் நின்றுவிடவில்லை, ஆனால் 2000களில் அமெரிக்காவில் புதிய வெப்பச் சாதனைகள் இரண்டுக்குப் புதிய குளிர்ச் சாதனை ஒன்று என்ற விகிதத்தில் பதிவாயின. சூடாகாத உலகத்தில் அது ஒன்றுக்கு ஒன்றாக இருந்திருக்கும்.

திருவல்லிக்கேணி வாசகர்: ஆர்க்டிக் கடல் பனி முழுக்க உருகினால் மெரினா முங்குமா?

அதனால் முங்காது. அது ஏற்கனவே மிதக்கிற பனி, தனக்கு வேண்டிய இடத்தைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் கவலைப்பட வேண்டியது கிரீன்லாந்தின் நிலத்தின் மேல் இருக்கிற பனிப்பாளத்துக்கு.

சென்னை, வேளச்சேரியிலிருந்து ஒரு மாணவி: இதிலெல்லாம் நம் ஆட்களுக்கு ஏதாவது பங்கு உண்டா, அல்லது வெள்ளைக்காரர்கள் சண்டையை நாம் வேடிக்கை பார்க்கிறோமா?

உண்டு, உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், என்ஐஓடி, வடிவமைத்ததில் பெரும்பங்கு வகித்த 'இண்டார்க்' என்ற கருவித்தொகுப்பை 2014 ஜூலையில் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில், 192 மீட்டர் ஆழத்தில் இறக்கி நிறுத்தினார்கள். தண்ணீரின் வெப்பநிலையும் உப்பும் அங்கே எப்படி மாறுகின்றன என்று வருடம் முழுக்க அளப்பது அதன் வேலை. இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கின் சூடான தண்ணீர் ஆர்க்டிக்குக்குள் புகுகிற வாசலில் இருக்கிற கழி அது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் நன்றாக உறையும், 2006 வாக்கிலிருந்து பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. கரையில் நியூ-ஓலசுண்டில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' நிலையம் 2008இலிருந்து இயங்குகிறது. கோவாவில் உள்ள துருவ ஆய்வு மையத்துக்காரர்கள் 2021இல், காரா கடலில் கோடைப் பனி குறைகிற வருடங்களுக்கும் செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பேய்மழை கொட்டுவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். மேலே டாலஸ்காரருக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், இரண்டும் சேர்ந்து நடப்பது வேறு, ஒன்று இன்னொன்றை நடத்துவது வேறு.

பாஸ்டனிலிருந்து ஒரு வாசகி: அடுத்த குளிர்காலம் எப்படி இருக்கும் என்று ஓரளவாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ள நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று மாதத்துக்கு முன்பே பனி இத்தனை அங்குலம் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன் துப்பு வேண்டுமென்றால், ஸ்ட்ராட்டோஸ்பியரில் 60 டிகிரி அட்சரேகைக் காற்றின் வேகத்தைக் காட்டுகிற வரைபடம் இணையத்தில் தினமும் கிடைக்கிறது, அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கவனம் வையுங்கள். உங்கள் ஊருக்கு அதைவிட உபயோகமானது கரையோரக் கடல் நீரின் வெப்பநிலை. கடல் சூடாக இருந்து, உள்நாட்டில் குளிர் வலுவாக இருந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு புயல் கரையை ஒட்டி வடக்கே ஏறினால், கடைக்கு முந்தின நாளே போய்விடுங்கள். வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே இருந்தால் விழுவது ஈரப்பனி, மைனஸ் 10இல் விழுகிற மாவுப்பனியைப் போல் மூன்று மடங்குகூடக் கனக்கும். மொத்தமாகக் குவிய விட்டு அள்ளாமல், விழ விழ அள்ளிவிடுவது நல்லது.